கை கழுவச் சொன்ன செம்மல்

  

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் மொழி. இம்மொழிக்கு விளக்கமாகவே வாழ்ந்து மறைந்த மருத்துவர் ஒருவரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம். கண்ணுக்குத் தூய்மையாகத் தெரியும் கை, உண்மையில் தூய்மையான கை ஆகிவிடாது என்று அவர் காட்டினார். நோயைத் தடுக்கும் என்று சொல்லப்படும் மருந்து உண்மையில் தடுக்கின்றதா என்பதை வாய்ப்பேச்சால் முடிவு செய்யலாகாது, எண்ணிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று வாழ்ந்து காட்டினார். அவர் காட்டிய வழியால் பிழைத்த தாய்மாரை எண்ணி முடியாது. ஆயினும் அவர் வாழ்ந்த காலத்தில் அவருக்குக் கிடைத்தவை எதிர்ப்பும் ஏளனமுமே.

அம்மருத்துவரின் பெயர் இக்னாஸ் செம்மல்வைஸ். பெயர் ஐரோப்பியப் பெயர்தான். எனினும் அதனுள் செம்மல் என்னும் நம் தமிழ்ச் சொல் ஒலிக்கக் கேட்கின்றோம். பெருமையிற் சிறந்தவரைச் செம்மல் என்பது தமிழ் வழக்கு. பெயர்ப் பொருத்தம் தற்செயலாக அமைந்ததே. ஆயினும் நன்றாக அமைந்தது.

இளமையும் கல்வியும்

1818ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள், ஹங்கேரி நாட்டின் பூடா நகரில் செம்மல்வைஸ் பிறந்தார். டான்யூப் ஆற்றின் ஒரு கரையில் பூடாவும் மறு கரையில் பெஸ்டும் அக்காலத்தில் தனித்தனி நகரங்களாக இருந்தன. அவை 1873ஆம் ஆண்டில் இணைந்தே இன்றைய புடாபெஸ்ட் ஆயின. தந்தையார் மளிகை வணிகர். பத்துப் பிள்ளைகள் பிறந்த அக்குடும்பத்தில் நம் செம்மல் ஐந்தாமவர்.

சட்டம் பயில வேண்டும் என்ற எண்ணத்துடன் 1837ஆம் ஆண்டில் அவர் ஆஸ்திரிய நாட்டுத் தலைநகரான வியன்னாவுக்குச் சென்றார். ஓராண்டு கழிவதற்குள் அவர் உள்ளம் மருத்துவத்தின்பால் திரும்பியது. 1844ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் மகப்பேற்று மருத்துவத்தில் தனிப் பயிற்சி பெற்று, 1846ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், அதாவது தம் 28ஆம் பிறந்தநாளன்றே, வியன்னாப் பொது மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவில் உதவி மருத்துவராக அமர்ந்தார். பேராசிரியர் யோகான் கிளைன் என்பவர் அப்பிரிவின் தலைவர். வாழ்வின் தொடக்கம் நல்லதாகவே தோன்றியது. ஆனால் அம்மருத்துவமனையின் சுவர்களுக்குள்ளே ஒரு பெருந்துயரம் குடிகொண்டிருந்தது.

ஒரே கூரை, இரண்டு கணக்கு

அக்காலத்தில் வசதி படைத்த பெண்கள் தத்தம் வீட்டிலேயே மகவு ஈன்றனர். மருத்துவமனைக்கு வந்தோர் ஏழைப் பெண்களே. அவர்களுள் பலர் பிள்ளை பெற்ற சில நாட்களில் கடுங்காய்ச்சல் கண்டு மாண்டனர். பிள்ளைப்பேற்றுக் காய்ச்சல் என்பது அந்நோயின் பெயர். தாய் இறந்தபின் கைக்குழந்தையின் கதி என்னவாகும் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

வியன்னா மருத்துவமனையில் மகப்பேற்றுக்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. முதற் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றனர். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பயின்றனர். ஒரு நாள் வருவோர் முதற் பிரிவுக்கும் மறுநாள் வருவோர் இரண்டாம் பிரிவுக்கும் என மாறி மாறித் தாய்மார் சேர்க்கப்பட்டனர். எந்தப் பிரிவில் இடம் கிடைக்கும் என்பதை அவர்கள் வந்து சேரும் நாளே முடிவு செய்தது.

1846ஆம் ஆண்டின் கணக்கைக் காண்போம். முதற் பிரிவில் 4,010 பேறுகள்; 459 தாய்மார் இறந்தனர். இரண்டாம் பிரிவில் 3,754 பேறுகள். 105 தாய்மார் இறந்தனர். நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிட்டால் முதற் பிரிவில் 11 பேருக்கு மேல். இரண்டாம் பிரிவில் 3 பேருக்கும் குறைவு. ஆறாம் ஆண்டு மாணவர்கள் இக்கணக்கைத் தாமே போட்டுச் சரிபார்க்கலாம்.

இவ்வேறுபாடு மருத்துவர்களுக்கு மட்டுமன்றி ஊராருக்கும் தெரிந்திருந்தது. முதற் பிரிவுக்கு உரிய நாளில் வந்துவிட்ட பெண்கள் மண்டியிட்டு, கைகூப்பி, தங்களை இரண்டாம் பிரிவுக்கு அனுப்புமாறு கெஞ்சி அழுதனர். மருத்துவமனைக்கு வரும் வழியில் தெருவிலேயே மகவு ஈன்ற பெண்களும் இருந்தனர். வியப்பு என்னவெனில், தெருவில் ஈன்றோருக்கு இக்காய்ச்சல் அரிதாகவே வந்தது. கற்றறிந்த மருத்துவர்கள் நிறைந்த அறையைவிடத் தெருவோரம் பாதுகாப்பாக இருந்தது!

காதால் கேட்ட காரணங்கள்

மருத்துவப் பெரியோர்கள் பல காரணங்களைக் கூறினர். காற்றில் கலந்த நச்சு என்றனர் சிலர். பருவநிலை என்றனர் சிலர். நெரிசல் என்றும் அச்சம் என்றும் கூறியோரும் உண்டு. நோய்க்குரிய முதற் காரணத்தை நாடி அறிய வேண்டும் என்பது வள்ளுவப் பெருந்தகை மருத்துவர்க்கு வகுத்த நெறி. வள்ளுவரை அறியாத செம்மல்வைஸ் அந்நெறியிலேயே நடந்தார். கேட்ட காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார்.

காற்றும் பருவநிலையும் காரணமெனில், அடுத்தடுத்து அமைந்த இரு பிரிவுகளையும் அவை ஒன்றுபோலத் தாக்க வேண்டும் அல்லவா? அவ்வாறு தாக்கவில்லை. நெரிசல் காரணமெனில் இரண்டாம் பிரிவிலேயே சாவு மிகுதியாக இருக்க வேண்டும். தாய்மார் அஞ்சி ஓடிவந்து நிறைந்த இடம் அதுவே. ஆனால் அங்குச் சாவு குறைவு.

இறக்கும் நிலையில் இருப்போருக்கு இறுதிச் சடங்கு செய்யப் பாதிரியார் மணியோசையுடன் முதற் பிரிவின் வழியே செல்வது வழக்கம். அம்மணியோசை கேட்டு அஞ்சியே பெண்கள் நோயுறுகின்றனர் என்ற கருத்தும் நிலவியது. செம்மல்வைஸ் பாதிரியாரைக் கேட்டுக்கொள்ள, அவர் மணியை நிறுத்தி வேறு வழியாகச் சென்றார். சாவு குறையவில்லை. இரண்டாம் பிரிவில் பெண்கள் ஒருக்களித்துப் படுத்து மகவு ஈன்றனர். முதற் பிரிவிலும் அம்முறையைப் புகுத்திப் பார்த்தார். அப்பொழுதும் சாவு குறையவில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, பின் எண்ணிப் பார்ப்பது என்பதே அவர் கையாண்ட முறை. எளிய முறைதான். எனினும் அங்கிருந்த அறிஞர்கள் பலர் அதனைச் செய்யவில்லை.

நண்பரின் மறைவு

1847ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் செம்மல்வைஸ் மன ஆறுதல் தேடி வெனிஸ் நகருக்குச் சென்று திரும்பினார். திரும்பியவுடன் பேரிடி போன்ற செய்தி காத்திருந்தது. அவர் மதித்த நண்பர் யாக்கோப் கொல்லெட்சுகா இறந்துவிட்டார். அவர் பிணவாய்வுப் பேராசிரியர். மாணவர் ஒருவருக்குப் பிணவாய்வு கற்பித்தபோது அம்மாணவரின் கத்தி தவறி அவர் விரலில் பட்டது. சிறு காயந்தான். ஆனால் அக்காயத்தின் வழியே உடலெங்கும் நஞ்சு பரவி, சில நாட்களில் அவர் உயிர் பிரிந்தது.

துயரத்தினிடையே நண்பரின் பிணவாய்வுக் குறிப்பைச் செம்மல்வைஸ் படித்தார். அதில் கண்ட அடையாளங்கள் யாவும் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலால் இறந்த தாய்மாரின் உடல்களில் அவர் அன்றாடம் கண்டவையே! ஆணுக்கு எவ்வாறு பிள்ளைப்பேற்றுக் காய்ச்சல் வரும்? வராது. ஆகவே இரண்டும் ஒரே நஞ்சால் வந்த ஒரே நோய் என்று உணர்ந்தார். பிணத்தில் இருந்த நஞ்சைக் கத்தி தன் நண்பருக்குள் செலுத்தியது. தாய்மாருக்குள் செலுத்தியது எது?

விடை உடனே விளங்கியது. முதற் பிரிவின் மருத்துவர்களும் மாணவர்களும் நாள்தோறும் பிணவாய்வு செய்துவிட்டு, அதே கைகளுடன் தாய்மாரைச் சோதிக்க வந்தனர். மருத்துவச்சிகள் பிணவாய்வு செய்வதில்லை. இரண்டு பிரிவுகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு இதுவே. கைதான் கத்தி!

தம்மையே குற்றவாளியாக்கிய நேர்மை

மாணவர்களே, இங்குச் சற்று நின்று சிந்தியுங்கள். நோயின் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆர்வத்தால் காலைதோறும் பிணவாய்வு செய்தவர்களுள் முதல்வர் யார்? செம்மல்வைஸ்தான். அங்கிருந்து நேரே தாய்மாரிடம் சென்றவரும் அவரே. தாம் கண்ட உண்மை முதன்முதலில் தம்மையே சுட்டிக் காட்டுவதை அவர் அறிந்தார்.

வேறொருவராயின் அந்த உண்மையை மூடி மறைத்திருப்பார். செம்மல்வைஸ் மறைக்கவில்லை. தம் கைகளும் தாய்மார் பலரைக் கல்லறைக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்பதைப் பிற்காலத்தில் தம் நூலில் ஒளிவுமறைவின்றி எழுதி வைத்தார். பிறர் குற்றத்தைக் காண்பது எளிது. தம் குற்றத்தைத் தாமே கண்டு, அதை ஊரறியச் சொல்வதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்!

பால்மரம் தரும் சான்று

கை எவ்வாறு நோயைச் சுமந்து செல்லும் என்பதைத் தோட்டத்தில் பால் வெட்டிய நம் பெரியோர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. பேராக் மாநிலத்தில் இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. எனினும் அந்நாளைய அனுபவம் அவர்கள் நெஞ்சில் நிற்கும்.

மழை ஓயாத ஈரமான நாட்களில் வெட்டிய பட்டையில் பூசணம் படர்ந்து பட்டை அழுகும் நோய் ஒன்று உண்டு. அந்நோய் மரத்துக்கு மரம் பரவப் பால்வெட்டுக் கத்தியே பெரிதும் வழிவகுத்தது. நோயுற்ற மரத்தை வெட்டிய கத்தி அடுத்த மரத்துக்குச் செல்லும்பொழுது நோயும் உடன் சென்றது. கத்தியைப் பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும், கூரும் குறைந்திராது. எனினும் அதன் விளிம்பில் கண்ணுக்குப் புலப்படாத வித்துகள் ஒட்டியிருந்தன. ஆகவேதான் கத்தியைக் கிருமிநாசினியில் தோய்த்தெடுக்குமாறும், வெட்டுப்பட்டையில் மருந்து பூசுமாறும் அறிவுறுத்தப்பட்டது.

கத்தி மரத்துக்கு மரம் சென்றது போலவே வியன்னாவில் மருத்துவரின் கை படுக்கைக்குப் படுக்கை சென்றது.

மருந்தைச் சோதித்த முறை

மருத்துவர்கள் கை கழுவாமல் வரவில்லை, சோப்பிட்டே கழுவினர். ஆயினும் பிணவாடை கையைவிட்டு அகலவில்லை. வாடை இருக்கும்வரை நஞ்சும் இருக்கும் என்று செம்மல்வைஸ் கருதினார். எனவே அவ்வாடையை அறவே போக்கும் பொருளைத் தேடினார். முதலில் குளோரின் கலந்த நீரைக் கையாண்டார். அது விலை மிகுந்ததாகையால் பின்னர்ச் சுண்ணாம்பும் குளோரினும் சேர்ந்த தூளை நீரில் கரைத்துப் பயன்படுத்தினார். இன்று நாம் சலவைத்தூள் என்று வழங்குவது அதுவே. கிணற்று நீரைத் தூய்மையாக்கவும் வடிகால்களில் தூவவும் பயன்படும் அந்த வெண்ணிறத் தூள்தான்.

1847ஆம் ஆண்டு மேத் திங்களின் நடுவில், பேற்றறைக்குள் நுழைவோர் யாவரும் அக்கரைசலில் கைகளை நன்கு கழுவிய பின்னரே உள்ளே செல்ல வேண்டும் என்று அவர் கட்டளையிட்டார். கரைசல் கையை எரித்தது, தோல் வறண்டது, மாணவர்கள் முணுமுணுத்தனர். செம்மல்வைஸ் விட்டுக்கொடுக்கவில்லை.

பலன் என்ன? ஏப்ரல் திங்களில் முதற் பிரிவில் 312 பேறுகள். 57 தாய்மார் இறந்தனர். மேத் திங்களில் 294 பேறுகள், 36 சாவுகள். கை கழுவுதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த ஜூன் திங்களில் 268 பேறுகள், 6 சாவுகள். ஜூலையில் 250 பேறுகள்; 3 சாவுகள் மட்டுமே. 57 எங்கே, 3 எங்கே!

அக்டோபர்த் திங்களில் ஒரு பின்னடைவு நேர்ந்தது. புற்றுநோய்ப் புண் உடைய பெண் ஒருத்தி பேற்றறையில் முதற் படுக்கையில் இருந்தாள். அவளைச் சோதித்த கைகளைக் கரைசலில் கழுவாமல் சோப்பால் மட்டும் கழுவிவிட்டு அடுத்த படுக்கைகளுக்குச் சென்றனர். அங்கிருந்த பன்னிரண்டு தாய்மாருள் பதினொருவர் இறந்தனர். பிணத்திலிருந்து மட்டுமன்று, உயிருள்ள நோயாளியின் சீழிலிருந்தும் நோய் தொற்றும் என்பதைச் செம்மல்வைஸ் அறிந்தார். தம் முந்தைய கருத்து குறையுடையது என்று ஒப்புக்கொண்டு விதியைத் திருத்தினார். அறைக்குள் நுழையும்பொழுது மட்டுமன்றி, ஒவ்வொரு நோயாளியையும் தொட்டபின் கைகளைக் கரைசலில் கழுவ வேண்டும் என்றார்.

1848ஆம் ஆண்டு முழுமையும் முதற் பிரிவில் 3,556 பேறுகள், 45 சாவுகள். இரண்டாம் பிரிவில் 3,219 பேறுகள், 43 சாவுகள். இரண்டு பிரிவுகளும் ஏறத்தாழச் சமமாயின. அவ்வாண்டின் மார்ச்சு, ஆகஸ்டு ஆகிய இரு திங்களிலும் முதற் பிரிவில் ஒரு தாய்கூட இறக்கவில்லை.

கிருமி என்பது என்ன என்று அவருக்குத் தெரியாது. அவ்வறிவியல் அன்று வளரவில்லை. ஆயினும் அவர் செய்த சோதனை செம்மையான சோதனை. ஒரே மருத்துவமனை, ஒரே வகைத் தாய்மார், மாற்றியது ஒன்றை மட்டும், ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே மற்றொரு பிரிவு. கிருமிநாசினி ஒன்றின் ஆற்றலைக் கணக்கிட்டு அறிந்த முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

கைகழுவிய உலகம்

இத்துணைச் சிறந்த உண்மையை உலகம் மாலையிட்டு வரவேற்றிருக்க வேண்டும். நடந்தது வேறு. கை கழுவச் சொன்னவரையே உலகம் கைகழுவி விட்டது.

காரணங்கள் சில உண்டு. அவர் கூற்றை ஏற்பதாயின், தம் கைகளே தாய்மாரைக் கொன்றன என்பதை ஒவ்வொரு மருத்துவரும் ஏற்க வேண்டும். அதற்குப் பலருக்கும் மனம் வரவில்லை. காற்றில் உள்ள நச்சே நோய்க்குக் காரணம் என்ற பழைய கொள்கையில் ஊறியோர் கண்ணுக்குத் தெரியாத துகளை நம்ப மறுத்தனர். ஹெப்ரா, ஸ்கோடா, ரோக்கிட்டான்ஸ்கி ஆகிய வியன்னாப் பேரறிஞர் மூவர் அவரை ஆதரித்தனர். ஆனால் அவருடைய தலைவரான கிளைன் ஏற்கவில்லை. 1849ஆம் ஆண்டில் செம்மல்வைஸின் பணிக்காலம் முடிந்தபொழுது அது நீட்டிக்கப்படவில்லை.

அவர்பாலும் ஒரு குறை இருந்தது. அதனை மறைத்தல் முறையன்று. தாம் கண்டதை உடனே எழுதி வெளியிட அவர் முன்வரவில்லை. முதன்முதலில் அச்செய்தியை மருத்துவ இதழில் எழுதியவர் ஹெப்ராதான். செம்மல்வைஸ் மருத்துவர் சங்கத்தில் உரையாற்றியது 1850ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டிலேயே மனம் கசந்து, நண்பர்களிடமும் சொல்லிக்கொள்ளாமல் வியன்னாவைவிட்டுத் தாய்நாடு திரும்பினார். எழுதும் திறனும் எடுத்துரைக்கும் பொறுமையும் கண்டுபிடிப்புக்கு இரு கைகள். கட்டுரைப் பாடம் எதற்கு என்று கேட்கும் மாணவர்கள் இதனை மனத்திற் கொள்க.

பெஸ்ட் நகரின் புனித ரோக்குஸ் மருத்துவமனையில் 1851ஆம் ஆண்டு முதல் ஊதியமின்றியே பணியாற்றினார். அங்கும் கை கழுவும் விதியைக் கொணர்ந்தார். 1855ஆம் ஆண்டு வரை நிகழ்ந்த 933 பேறுகளில் காய்ச்சலால் இறந்தோர் 8 பேர் மட்டுமே. பின்னர்ப் பெஸ்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1857ஆம் ஆண்டில் மணம் புரிந்தார்.

1861ஆம் ஆண்டில்தான் அவருடைய பெருநூல் வெளிவந்தது. அறிஞர்கள் அதனைப் புறக்கணித்தனர். அதனால் நெஞ்சு புண்பட்ட அவர் எதிர்ப்பாளர்களுக்கு வெளிப்படையான மடல்கள் எழுதினார். அவர்களைக் கொலையாளிகள் என்றே சாடினார். இறந்துகொண்டிருந்த தாய்மாரை நினைந்தே அவர் அவ்வாறு கொதித்தார் என்பது உண்மை. ஆயினும் கடுஞ்சொல் கேட்டவர் காதைப் பொத்திக்கொண்டனரேயன்றிக் கையைக் கழுவவில்லை.

துயர முடிவு

1865ஆம் ஆண்டில் அவர் மனநலம் குன்றியது. ஜூலைத் திங்கள் இறுதியில் அவரை வியன்னாவில் ஒரு மனநல விடுதியில் சேர்த்தனர். அங்கிருந்து வெளியேற முயன்ற அவரைக் காவலர்கள் அடித்தனர். காயம் சீழ்ப்பிடித்தது. நஞ்சு குருதியிற் கலந்தது. 1865ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள், தம் 47ஆம் வயதில், செம்மல்வைஸ் கண் மூடினார். எந்த நஞ்சு அவர் நண்பரைக் கொன்றதோ, எந்த நஞ்சிலிருந்து தாய்மாரைக் காக்க வாழ்நாள் முழுதும் போராடினாரோ, அத்தகைய நஞ்சே அவர் உயிரையும் கவர்ந்தது.

அவருக்குப் பின்

காலத்தின் விந்தையைப் பாருங்கள். அவர் இறந்ததற்கு முதல் நாள், ஆகஸ்டு 12ஆம் நாள், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஜோசப் லிஸ்டர் என்னும் மருத்துவர் சிகிச்சையளித்தார். கார்பாலிக் அமிலம் தோய்ந்த துணியால் புண்ணைக் கட்டினார். எலும்பு வெளியே தெரியும் அத்தகைய முறிவில் அக்காலத்தில் காலை வெட்டுவதே பெருவழக்கு. அச்சிறுவனோ ஆறு வாரங்களில் கால் கூடி நலமடைந்தான். செம்மல்வைஸைப் பற்றி லிஸ்டர் அன்று அறிந்திருக்கவில்லை. ஆயினும் அணைந்த விளக்கின் சுடர் மற்றொரு விளக்கில் ஏறியது போல அது நிகழ்ந்தது.

1879ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர், பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலுக்குக் காரணமான கிருமி மணிமாலைபோல் கோத்த உருவுடையது என்று காட்டினார். செம்மல்வைஸ் கூறிய கண்காணாத் துகளுக்கு உருவம் கிடைத்தது. 1881ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் கிருமிநாசினிகளைச் சோதிக்கத் தக்கதொரு முறையை வகுத்தார். கிருமியின் வித்துகளைப் பட்டு நூலில் உலரவைத்து, அந்நூலை ஒவ்வொரு மருந்திலும் இத்தனை நேரம் என்று தோய்த்தெடுத்து, பின்னர் ஊட்டப் பொருளில் இட்டுக் கிருமி வளர்கின்றதா என்று பார்த்தார். பெயர்பெற்ற மருந்துகள் சில அச்சோதனையில் தோற்றன! அன்று முதல் மருந்தின் ஆற்றலை அறிய மனித உயிரைப் பணயம் வைக்க வேண்டிய நிலை மாறியது.

நம் தோட்டத்தாருக்கு உரிய செய்தியும் ஒன்று உண்டு. 1889, 1890ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் என்பவருக்கு உதவிய தாதி ஒருவரின் கைகள் கிருமிநாசினிகளால் புண்ணாயின. அவர் கைகளைக் காக்க ஹால்ஸ்டெட் மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்வித்தார். தாதியின் கையைக் காக்க வந்த கையுறை நோயாளியையும் காப்பது பின்னர் விளங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1877ஆம் ஆண்டில், நம் பேராக்கின் கோலகங்சாரில் முதல் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டிருந்தன. இன்று உலகுக்குக் கையுறை வழங்கும் நாடுகளுள் மலேசியா தலைசிறந்து விளங்குகின்றது. விடியுமுன் எழுந்து, பிரட்டுக்கு நின்று, நம் பாட்டன் பாட்டியர் மங்கு மங்காகச் சேர்த்த பாலும், எங்கோ ஒரு மருத்துவரின் கையைத் தூய்மையாக்கி எங்கோ ஒரு தாயைக் காத்திருக்கும். இவ்வுலகுக்கு அவர்கள் செய்த தொண்டு சிறிதன்று.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

மருத்துவமனையில் தொற்றும் கிருமிகள் இன்றும் ஒழிந்தபாடில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளும் பெருகி வருகின்றன. ஆதலால் கிருமிநாசினிகளை அறிஞர்கள் இடைவிடாது சோதிக்கின்றனர். இத்தனை கிருமி, இவ்வளவு மருந்து, இத்தனை நிமிடம், எஞ்சியவை எத்தனை என்று எண்ணிப் பார்க்கின்றனர். அச்சோதனைகள் நம் வீட்டுக்கும் மூன்று பாடங்களைத் தருகின்றன.

முதலாவது அளவு. குறைவாகக் கலந்தால் கிருமி சாகாது. மிகுதியாகக் கலந்தால் நமக்கே தீங்கு. புட்டியில் எழுதியுள்ள அளவே சரியான அளவு. இரண்டாவது நேரம். தெளித்தவுடன் துடைத்துவிட்டால் மருந்து வேலை செய்யாது. சோப்பிட்டுக் கை கழுவ 40 முதல் 60 வினாடி வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. மூன்றாவது அழுக்கு. அழுக்கின்மேல் ஊற்றிய மருந்தின் ஆற்றல் அழுக்கோடு போய்விடும். முதலில் கழுவுக, பின்னர் மருந்திடுக.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். குளோரின் கலந்த வெளுப்பு நீரைக் கழிப்பறை கழுவும் அமிலத்துடனோ வேறு எந்தத் துப்புரவு மருந்துடனோ கலத்தலாகாது. நச்சுக் காற்று எழுந்து உயிருக்கே ஊறு விளைவிக்கும். இம்மருந்துகள் சிறுவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு உறவினரைப் பார்க்கச் செல்லும் பெற்றோர்களே! ஆரஞ்சுப் பழமும் மைலோவும் வாங்கிச் செல்கின்றோம். அவற்றோடு தூய்மையான கையையும் கொண்டு செல்வோம். நோயாளியைத் தொடுமுன் ஒரு முறை, தொட்டபின் ஒரு முறை கை கழுவுவோம். சாராயம் கலந்த கைக்கழுவி பெரும்பாலான கிருமிகளைக் கொல்லும். ஆனால் சிலவகைக் கிருமிகளின் வித்துகளை அது கொல்லாது. கையில் அழுக்குத் தெரிந்தாலும் அது போதாது. அப்பொழுது சோப்பும் நீருமே துணை.

மாணவர்களே! செம்மல்வைஸின் முறையை நீங்களும் ஆசிரியர் துணையுடன் செய்து பார்க்கலாம். ஒரே பொட்டலத்து ரொட்டித் துண்டுகள் ஒன்பது எடுங்கள். மூன்றைக் கழுவாத கையாலும், மூன்றை நீரில் மட்டும் கழுவிய கையாலும், மூன்றைச் சோப்பிட்டுக் கழுவிய கையாலும் தொடுங்கள். தனித்தனி நெகிழிப் பையில் இட்டு, மூடி ஒட்டி, பெயரும் நாளும் எழுதி, ஒரே அலமாரியில் வையுங்கள். நாள்தோறும் பூசணப் புள்ளிகளை எண்ணிக் குறியுங்கள். பையைத் திறத்தல் கூடாது. ஒவ்வொன்றிலும் மூன்று ஏன் என்று கேட்பீர்கள். ஒரு துண்டு பொய் சொல்லக்கூடும். மூன்றும் ஒன்றாகச் சொன்னால் ஓரளவு நம்பலாம். கண்டது எதுவோ அதையே எழுதுங்கள். நீங்கள் எதிர்பார்த்தது வராவிட்டாலும் வந்ததையே எழுதுங்கள். அதுவே செம்மல்வைஸுக்கு நாம் செய்யும் மரியாதை.

அவர் பிறந்த பூடா நகர் இல்லம் இன்று மருத்துவ வரலாற்று அருங்காட்சியகமாகத் திகழ்கின்றது. புடாபெஸ்டின் மருத்துவப் பல்கலைக்கழகம் 1969ஆம் ஆண்டு முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. தாய்மாரின் காவலர் என்று உலகம் அவரை இன்று போற்றுகின்றது. வாழ்ந்த நாளில் மறுத்த மாலையை மறைந்த பின்னர்ச் சூட்டியது.

நாம் சூட்டும் மாலை எளியது. நம் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் வாயிலில் ஒரு குழாய் இருக்கின்றது. ஓய்வு மணி அடித்தவுடன் பசி மிகுதியால் அதனைக் கடந்து ஓடுவோர் பலர். வியன்னாவின் பேற்றறை வாயிலிலும் அவ்வாறு கடந்து போக விரும்பியோர் இருந்தனர். அங்கே ஒருவர் நின்று தடுத்தார். இங்கே நம்மை நாமே தடுத்து நிறுத்திக்கொள்வோமாக.